வீட்டுக்காரர் உள்ளே இருக்கிறார்

காரைக்கால்
9.9.1978

திரு. தியாகராசன் அவர்களுக்கு,

வழக்கமாகக் கடிதத்தின் தலையில் 'சேசு மரி சூசை' என்று எழுதிவிட்டுத்தான் தொடங்குவேன். இந்தக் கடிதம் கோபத்தில் எழுதுவது. அதனால் அவர்களை இதில் இழுக்கவில்லை.

உங்கள் முகவரியைப் பத்திரிகை ஆபீசுக்கு எழுதிக் கேட்டு வாங்கினேன். 'வாசல்கள்' என்ற பெயரில் மாதாமாதம் ஊர் ஊராகப் போய் அடுத்தவர் வீட்டு வாசலைப் படமெடுத்துப் போடுகிறீர்களே, போன மாதம் வந்திருந்தது என் வீடு. மாதா கோயில் பின்தெரு. பச்சைக் கதவு, உங்கள் படத்தில் கறுப்பாக விழுந்திருக்கிறது. கதவுக்கு மேலே குருத்தோலைச் சிலுவை. கொடியில் கட்டம் போட்ட ஆண் சட்டை. படிக்குக் கீழே ஒரு ஜோடி ஆண் செருப்பு. கதவு இடுக்கில் என் கையும் வளையலும் மட்டும் தெரிகின்றன. அடியில் ஒரு தலைப்பு வேறு: 'வீட்டுக்காரர் உள்ளே இருக்கிறார்.'

உள்ளே யாரும் இல்லை ஐயா. நானும் ஒரு தையல் மெஷினும்தான் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் சூசைமுத்து பிரான்சுக்குப் போய் மூன்று வருஷமாகிறது. பாரிசுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. இடம் கிடைக்கட்டும், கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறார்.

என் மச்சாண்டார் அருளானந்தம், அதாவது அவருடைய அண்ணன், முடிவெட்டும் கடையில் உங்கள் பத்திரிகையைப் பார்த்திருக்கிறார். நேரே வந்து வாசலில் நின்று, "என்னா அமலராணி, வீட்டுல ஆள் இருக்காப்ல இருக்கே, எங்களுக்கெல்லாம் சொல்லவே இல்லையே" என்றார். நான் பதில் யோசிப்பதற்குள் போய்விட்டார். படத்தைக் கத்தரித்துப் பிரான்சுக்கு அனுப்பிவிட்டதாகப் பிறகு தெரிந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்த வீட்டில் எந்த ஆணையும் நான் பார்க்கவில்லை, தலைப்பு நானாகக் கற்பனை செய்து வைத்தது என்று என் வீட்டுக்காரருக்குக் கைப்பட எழுத வேண்டும். முகவரி கீழே இருக்கிறது. படம் எடுக்கும்போது என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இதெல்லாம் வந்திருக்காது.

இப்படிக்கு,
சூ. அமலராணி

*

சென்னை
18.9.1978

மதிப்பிற்குரிய அம்மா,

உங்கள் கடிதம் கிடைத்தது. வருத்தமாக இருந்தது.

ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவைப் படமெடுக்கத்தான் காரைக்காலுக்கு வந்தேன். கூட்டம் தாங்காமல் ஒதுங்கி நடந்தபோது உங்கள் தெரு வந்தது. ஊரே மாம்பழத்தைப் பிடிக்கப் போயிருக்க, அந்தத் தெரு மட்டும் அமைதியாக இருந்தது. உங்கள் வாசலைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். நான் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் தனி அறையில் இருப்பவன். சட்டை காய்கிறது, செருப்பு கிடக்கிறது, உள்ளே இருந்து ஒரு வளையல் கை. கொடுத்து வைத்த மனிதன் யாரோ உள்ளே சாப்பிட உட்கார்ந்திருக்கிறான் என்று தோன்றியது. பொறாமையாகக்கூட இருந்தது. அந்த நினைப்பில்தான் தலைப்பு வைத்தேன்.

ஆனால் என் பக்கத்தையும் சொல்ல வேண்டும். நான் வீட்டுக்குள் நுழையவில்லை, ஜன்னலில் எட்டிப் பார்க்கவில்லை. தெருவில் நின்று, தெருவில் போகிற யாருக்கும் தெரிகிறதைத்தான் எடுத்தேன். உங்கள் முகத்தைக் காட்டவில்லை. பெயரும் ஊரும் போடவில்லை. இதற்கெல்லாம் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தால், கேட்ட மாத்திரத்தில் மனிதர்கள் தலையைச் சீவிக்கொண்டு வந்து விறைப்பாக நின்றுவிடுவார்கள். அது ஸ்டூடியோ படமாகிவிடும்.

செருப்பும் சட்டையும் நான் கொண்டுவந்து வைத்தவை அல்ல. இருந்ததை எடுத்தேன். அவை யாருடையவை என்று எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றுக்கு எப்படிச் சாட்சி எழுதுவேன்? மன்னிக்கவும், ஒரு குடும்பத்தின் உள்விஷயத்தில் தலையிட எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

தங்கள்,
தியாகராசன்

*

காரைக்கால்
27.9.1978

ஐயா,

குடும்பத்தின் உள்விஷயத்தில் தலையிடத் தயக்கமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். படித்துவிட்டுச் சிரித்தேன். சிரித்து ரொம்ப நாளாயிற்று, அதற்கு நன்றி. அம்மா என்று கூப்பிட்டிருக்கிறீர்கள். எனக்கு இருபத்தொன்பது வயதுதான் ஆகிறது.

செருப்பு யாருடையது என்றுதானே கேட்கிறீர்கள்? சொல்கிறேன். என் வீட்டுக்காரரைத் தவிர இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அது யாருடையதும் இல்லை. கடைத்தெருவில் நானே வாங்கினேன். தனியாக இருக்கிற பெண் வாசலில் ஆண் செருப்பு கிடந்தால், தண்ணீர் கேட்டு வருகிறவனும் விலாசம் விசாரிக்கிறவனும் படியோடு நின்றுவிடுவான். முதலில் அவர் விட்டுப்போன பழைய செருப்பைத்தான் போட்டிருந்தேன். அதை நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது. புதிதாக வாங்கும்போது, போடப்போவது காவலுக்குத்தானே, ஆள் கொஞ்சம் பெரிய ஆளாகவே இருக்கட்டும் என்று பத்தாம் நம்பரில் வாங்கினேன். கடைக்காரர், "அண்ணன் நல்ல ஒசரமா இருப்பாங்க போலருக்கே" என்றார். ஆமாம் என்றேன். என் வீட்டுக்காரருக்கு ஏழாம் நம்பர்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். சட்டை அவருடையது என்று அவருக்கே அடையாளம் தெரிந்திருக்கிறது. செருப்பைப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார்: 'என் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிகிறவன் காலுக்கு என் கால் சின்னது போலிருக்கிறது. கிறிஸ்துமசுக்கு வந்து நேரில் பார்த்துக்கொள்கிறேன்.' வேறு ஒரு வரி இல்லை. சாப்பிட்டாயா, உடம்பு எப்படி என்று ஒன்றும் இல்லை.

இதை அவருக்கு எழுதினேன். காவலுக்குச் செருப்பு போடுவார்களாம், கதை சொல்லாதே என்று பதில் வந்தது. அதனால்தான் வெளியாள் ஒருவர் சொல்ல வேண்டும் என்று உங்களிடம் கேட்டேன்.

தெருவில் போகிற யாருக்கும் தெரிகிறதைத்தான் எடுத்தேன் என்கிறீர்கள். தெருவில் போகிறவன் பார்ப்பான், போய்விடுவான், வீட்டுக்குப் போனால் மறந்துவிடுவான். என் தெரு காரைக்காலில் இருந்த இடத்தில் இருந்தது. அதைப் பாரிசு வரைக்கும் நீட்டினது நீங்கள்.

அவர் வரும்போது வீடு பார்க்கும்படி இருக்க வேண்டும் என்று சுண்ணாம்பு வாங்கி வைத்திருக்கிறேன். கோபமாக வருகிறவருக்கு எதற்கு வெள்ளை அடிக்கிறாய் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். தெரியவில்லை.

அமலராணி

*

சென்னை
10.10.1978

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே அந்தப் பிலிம் சுருளை எடுத்துப் பார்த்தேன். உங்கள் வாசலில் எடுத்தது ஒரு படம் என்றே நினைத்திருந்தேன். பார்த்தால் ஒரு வரிசையே இருக்கிறது. எதிர்ச் சுவர் நிழலில் நின்று, வெளிச்சத்தை மட்டும் கவனித்துக்கொண்டு கை போன போக்கில் அழுத்தியிருக்கிறேன். ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டு மற்றவற்றை நான் சரியாகப் பார்க்கவே இல்லை.

ஒன்றில் நீங்கள் குவளையோடு வந்து, காய்ந்துபோன சட்டையின் மேல் தண்ணீர் தெளிக்கிறீர்கள். அப்போதுதான் துவைத்துப் போட்டது மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காகத்தானே? இன்னொன்றில் அந்தப் பெரிய செருப்புக்குள் உங்கள் காலை விட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு வாசல் மணலில் நடக்கிறீர்கள். மணலில் தடம் விழுவதற்காக. செருப்பில் பாதிகூட நிரம்பவில்லை உங்கள் பாதம். கடைசியில் ஒன்றை நேராகவும் ஒன்றைக் கோணலாகவும் கழற்றிவிட்டு உள்ளே போகிறீர்கள், ஆண்பிள்ளை அவசரமாகக் கழற்றிப் போட்டது போல. பெரிய கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உள்ளே யாரும் இல்லை என்று அன்றைக்கே என் கேமராவுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

உங்கள் வீட்டுக்காரருக்கு நீளமாக எழுதி, படங்களையும் பிரதி எடுத்து விமான அஞ்சலில் அனுப்பிவிட்டேன்.

அதோடு விடவில்லை. பழி பத்திரிகையில் வந்தது, அது தீர்வதும் பத்திரிகையில்தான் நடக்க வேண்டும். முதல் படத்தைப் பார்த்த அத்தனை பேரும் உண்மையையும் பார்க்கட்டும். நவம்பர் இதழில் இந்தப் படங்களை இரண்டு பக்கத்துக்குக் கொடுத்திருக்கிறேன். தலைப்பையும் திருத்திவிட்டேன். உங்களைக் கேட்டு எழுதிப் பதில் வருவதற்குள் இதழ் அச்சுக்குப் போய்விடும் என்று ஆசிரியர் அவசரப்படுத்தினார். நீங்கள் மறுக்கமாட்டீர்கள் என்ற நம்பிக்கைதான்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். நான் இதுவரை எடுத்ததில் இவைதான் நல்ல படங்கள்.

அன்புடன்,
தியாகராசன்

*

காரைக்கால்
20.11.1978

தியாகராசன் அவர்களுக்கு,

இதழ் வந்தது. தலைப்பைத் திருத்தியிருப்பதையும் பார்த்தேன். 'வீட்டுக்காரர் உள்ளே இல்லை.' இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து, கொட்டை எழுத்தில்.

என் பெயர் சுத்தமாகிவிட்டது. மச்சாண்டார் வந்து, "தப்பா நெனச்சுட்டேன் ஆயி, மனசுல வச்சுக்காத" என்று சொல்லிவிட்டுப் போனார். பிரான்சிலிருந்தும் கடிதம் வந்தது. நம்புகிறாராம். நீங்கள் எழுதினது நன்றாக இருந்தது என்றும், பெரிய மனிதர் என்றும் உங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது தெருவைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் பிரான்சுக்கும் கப்பலுக்கும் போன ஆண்கள்தான் பாதி. எதிர்வீட்டு ஞானசௌந்தரி வாசலில் கறுப்புச் செருப்பு ஒன்று வருஷக்கணக்காகக் கிடக்கும். அவளுடைய தம்பி கூட இருக்கிறான் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவன் பம்பாய்க்குப் போனது எனக்குத் தெரியாது. தினமும் பேசிக்கொள்கிற நாங்கள் இதை மட்டும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை. என் வீட்டு ஆண்பிள்ளையைப் பற்றி அவள் கேட்டதில்லை, அவள் வீட்டு ஆண்பிள்ளையைப் பற்றி நானும் கேட்டதில்லை. தெரு முழுக்க எத்தனை செருப்பு இப்படிக் கிடந்ததோ, யாருக்குத் தெரியும்?

இப்போது எல்லாருக்கும் தெரியும். உங்கள் படத்தைப் பார்த்த பிறகு இந்தத் தெருவில் எந்தச் செருப்பையும் யாரும் நம்புவதில்லை. போகிறவன் நின்று செருப்பைப் பார்க்கிறான், பிறகு கதவைப் பார்க்கிறான். போன வாரம் ஒருத்தன் வந்து என் படியில் காலை வைத்துக்கொண்டு, "அண்ணன் உள்ள இருக்காங்களா?" என்று கேட்டுச் சிரித்தான். தபால்காரர் நூகு பாய் அந்த நேரம் சைக்கிளில் வந்ததால் போனான். ஞானசௌந்தரியின் செருப்பை யாரோ எடுத்துச் சாக்கடையில் போட்டுவிட்டார்கள். அவள் என் வீட்டுக்கு வந்து கத்தினாள். "நீ உன் பேரைக் காப்பாத்திக்கிட்ட. அதுக்கு எங்க எல்லார் வீட்டுக் கதவையும் தொறந்து போட்டுட்டியேடி!" என்றாள். நான் போடவில்லை என்று சொன்னேன். யார் போட்டால் என்ன, உன் கால்தானே என்றாள்.

வீட்டைப் பூட்டிக்கொண்டு நாகப்பட்டினத்தில் அக்காள் வீட்டுக்குப் போய்விட்டாள். சாயந்திரம் வேலை முடிந்ததும் அவளோடு கொஞ்ச நேரம் பேசுவேன். இந்தத் தெருவில் எனக்கு இருந்தது அவ்வளவுதான்.

நல்லது செய்கிறேன் என்று நினைத்துத்தான் செய்தீர்கள். அது எனக்குத் தெரிகிறது. அதனால் முழுசாகத் திட்டவும் முடியவில்லை. ஆனால் கடைசி வரியில் நல்ல படங்கள் என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்தபோதுதான் வயிறு எரிந்தது. எனக்காகப் போட்டீர்களா, படத்துக்காகப் போட்டீர்களா? நீங்களே உங்களைக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றும் செய்து பாருங்கள். உங்கள் அறை வாசலை நீங்களே ஒரு படம் எடுத்து அந்தப் பத்திரிகைக்குக் கொடுங்கள். தெருவில் போகிறவனுக்குத் தெரிகிறதுதானே?

அமலராணி

*

சென்னை
5.1.1979

அமலராணி அவர்களுக்கு,

நீங்கள் சொன்னதைச் செய்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேன்ஷன் நடைவழியில் நின்று, என் அறைக் கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் படமெடுத்தேன். யாரோ ஒருவனுடைய அறை என்று நினைத்துக்கொண்டுதான் எடுத்தேன். பிலிமைக் கழுவிப் பார்த்தேன். ஒரே ஒரு ஜோடி செருப்பு. கழுவாத ஒரு தட்டு. கொடியில் ஓட்டை விழுந்த பனியன். எல்லாவற்றுக்கும் பின்னால் சுவரில் ஒரு காலண்டர், தாள் கிழிக்காமல் ஆகஸ்டிலேயே நிற்கிறது. இந்த அறைக்கு யாரும் வருவதில்லை என்று பார்க்கிற எவனுக்கும் தெரிந்துவிடும். கும்பகோணத்தில் இருக்கிற என் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். வீட்டுக்கு எழுதும்போதெல்லாம் நண்பர்கள் வருகிறார்கள், பொழுது போவதே தெரியவில்லை என்றுதான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அதைக் கொடுக்க ஆபீஸ் வரை போனேன். கவரைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பிவிட்டேன்.

உங்களுக்காகப் போட்டேனா, படத்துக்காகப் போட்டேனா என்று கேட்டிருந்தீர்கள். உங்களுக்காக என்று நம்பிக்கொண்டு படத்துக்காகப் போட்டேன். அதைச் சொல்லாமல் வேறு எதைச் சொன்னாலும் பொய்யாக இருக்கும். நீங்களும் ஞானசௌந்தரி அவர்களும் என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. கேட்கிற இடத்தில் நான் இல்லை.

இப்போது ஒரு விஷயம். 'வாசல்கள்' புத்தகமாக வருகிறது. பதிப்பாளர் ஒருவர் முன்வந்திருக்கிறார். எனக்கு இது முதல் புத்தகம், இத்தனை வருஷம் இதற்காகத்தான் அலைந்தேன். அட்டைக்கு அவர் கேட்பது அந்தப் படம், பெரிய செருப்புக்குள் உங்கள் பாதம். அது இல்லாவிட்டால் புத்தகம் எதற்கு என்கிறார்.

அச்சுக்கு நாள் நெருங்குகிறது. ஆனால் இந்தத் தடவை உங்கள் பதில் வரும்வரை எதையும் கொடுக்கப்போவதில்லை. போடலாமா, வேண்டாமா? காரணம் சொல்லத் தேவையில்லை. ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

கிறிஸ்துமசுக்கு உங்கள் வீட்டுக்காரர் வந்திருப்பார் என்று நினைக்கிறேன். வீடு வெள்ளையடித்து நன்றாக இருக்குமே. அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

தியாகராசன்

*

காரைக்கால்
2.2.1979

சேசு மரி சூசை

அன்புள்ள தியாகராசன் அவர்களுக்கு,

நீங்கள் கேட்டு எழுதினது இதுதான் முதல் தடவை. அதனால் உடனே பதில் எழுத நினைத்தேன். கை வரவில்லை. இன்றைக்குக் கோயிலில் மெழுகுவர்த்தி மந்திரித்துக் கொடுத்தார்கள். அதை வீட்டில் ஏற்றி வைத்துவிட்டு எழுதுகிறேன்.

வேண்டாம். அட்டையிலும் வேண்டாம், உள்ளேயும் வேண்டாம். புத்தகம் நின்றுபோனால் அதற்காக எனக்கு வருத்தம் உண்டு, பொய் சொல்லவில்லை. ஆனாலும் வேண்டாம். காரணம் சொல்லத் தேவையில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்லத் தேவையில்லை என்று நீங்கள் எழுதினதால்தான் சொல்லத் தோன்றுகிறது.

என் வீட்டுக்காரர் வரவில்லை.

வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தேன். கதவுக்குப் பச்சை பூசினேன். ஏழாம் நம்பரில் புதுச் செருப்பு ஒன்று வாங்கி உள்ளே வைத்தேன், வந்தவர் போட்டுக்கொள்ளட்டும் என்று. திருநாளுக்கு இரண்டு நாள் முன்னால் நூகு பாய் கடிதம் கொண்டுவந்தார். 'உன்னைப் பற்றி இருந்த கவலை நீங்கிவிட்டது. இனி அவசரப்பட்டு வரத் தேவையில்லை. ஈஸ்டருக்கு முடிகிறதா பார்க்கிறேன்' என்று எழுதியிருக்கிறார்.

மூன்று வருஷமாக வாருங்கள் வாருங்கள் என்று எழுதினேன். வரவில்லை. வேறொருத்தன் செருப்பு என்று நினைத்தவுடன் புறப்பட்டார். அது பொய்ச் செருப்பு என்று தெரிந்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கோபத்தோடு வந்து நாலு அறை அறைந்திருந்தாலும், அவர் ஒரு வேளையாவது சாப்பிடுவதைப் பார்த்திருப்பேன். நான் இப்படி நினைப்பது தப்புதான். பாதிரியாரிடம்கூட இதைச் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் காலண்டர் ஆகஸ்டிலேயே நிற்கிறது.

இதில் உங்கள் குற்றம் எவ்வளவு, அவர் குற்றம் எவ்வளவு என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. நீங்கள் உண்மையைத்தான் அனுப்பினீர்கள். அந்த உண்மை என்னுடையது. அதை யாருக்கு, எப்போது காட்டுவது என்று நான் முடிவு செய்திருக்க வேண்டும்.

ஞானசௌந்தரி திரும்பவில்லை. அவள் வீட்டுச் சாவியைப் பக்கத்துத் தெருவில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள், என்னிடம் கொடுக்கவில்லை. நான் வாசலில் செருப்பு போடுவதை விட்டுவிட்டேன். சாயந்திரமே தாழ்ப்பாள் போட்டுவிடுகிறேன். சட்டையை மட்டும் வாரம் ஒருமுறை துவைக்கிறேன், பழக்கம்.

இனி நான் கேட்பதைச் செய்யுங்கள். நான் செருப்புக்குள் காலை விட்டு நடக்கிற படமும், தண்ணீர் தெளிக்கிற படமும், அவற்றின் நெகடிவும் எதுவும் உங்களிடம் இருக்கக்கூடாது. பாதிரியார் முன்னால் பாவத்தைச் சொல்வது போல, ஒன்றையும் மிச்சம் வைக்காமல் கொளுத்திவிடுங்கள். உங்களை நம்புகிறேன், சாட்சி வேண்டாம்.

முதல் படத்தைக் கொளுத்த வேண்டாம். நீங்கள் உள்ளே ஒரு மனிதன் சாப்பிட உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு எடுத்த படம். அதைக் கொஞ்சம் பெரியதாகப் போட்டு எனக்கு அனுப்புங்கள். அடியில் நீங்கள் முதலில் வைத்த தலைப்பையும் எழுதுங்கள், உங்கள் கையெழுத்திலேயே. வாசலில் மாட்டமாட்டேன். உள்ளே, சாப்பிடுகிற இடத்துக்கு எதிரே மாட்டிக்கொள்வேன்.

இந்த வீட்டில் ஆள் இருப்பது அந்த ஒரு படத்தில்தான்.

அமலராணி